எம்.எஸ்சி. எங்கே: தோழிகளின் சொல்லுக்கு எவ்வளவு எடை?

மே மாதக் கடைசியில் ஒரு மாணவி ஆசிரியர் அறைக்கு வந்தாள். பி.எஸ்சி. இயற்பியல் கடைசிப் பருவத் தேர்வு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. கையில் ஒரு நோட்டுத் தாள். அதில் நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறுவனத்தின் பெயர், அதன் கீழே யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. "ஐஐடி கிடைத்தும் போகாமல் இருப்பார்களா?" என்று பள்ளித் தோழி. "எங்களோடு வந்துவிடுடி, நான்கு பேரும் ஒரே அறையில் இருக்கலாம்" என்று விடுதித் தோழிகள். "நீ எங்கே போனாலும் நன்றாகத்தான் படிப்பாய்" என்று இன்னொருத்தி. பாடத்திட்டம், ஆய்வகம், செலவு பற்றித் தாளில் ஒரு வரியும் இல்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தத் தாள் வேறு வேறு கைகளில் என் மேசைக்கு வருகிறது. அவளோடு அன்று மாலை உட்கார்ந்து பேசியதையும், முன்பு மற்றவர்களோடு பேசியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இயற்பியலை வைத்துச் சொன்னாலும் வேதியியல், கணிதம் படித்தவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் அளவுகோல்கள்

பெயர்களை ஒப்பிடுவதற்கு முன், எதை வைத்து ஒப்பிடப் போகிறோம் என்பதைத் தாளின் இடது ஓரத்தில் எழுதிவிட வேண்டும். நான் எழுதச் சொல்வது ஐந்து.

முதலாவது, உங்களுக்குப் பிடித்த பிரிவை அங்கே நடத்த ஆள் இருக்கிறாரா? துறையின் இணையப் பக்கத்தில் விருப்பப் பாடங்களின் பட்டியல் நீளமாகவே இருக்கும். பட்டியலில் இருப்பது வேறு, சென்ற ஆண்டு உண்மையில் நடந்தது வேறு. அங்கே இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து, "உங்களுக்கு எந்த விருப்பப் பாடங்கள் நடந்தன?" என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. என் காலத்தில் நெருங்கிய தோழிகள் இருவர் சேர்ந்த துறையிலேயே நானும் சேர்ந்தேன். எனக்கு அணுக்கரு இயற்பியல் மேல் ஆசை. சேர்ந்த பிறகுதான், அதை நடத்தியவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த ஆண்டு விருப்பப் பாடம் மின்னணுவியல் மட்டுமே என்று தெரிந்தது. இரண்டு ஆண்டும் அதையே படித்தேன். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

இரண்டாவது, மொத்தச் செலவு. கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். விடுதி, உணவு, ஆண்டுக்கு மூன்று முறை ஊருக்கு வந்து போகும் ரயில் டிக்கெட், முதல் மாதம் வாங்க வேண்டிய சாமான்கள், தேவைப்பட்டால் ஒரு மடிக்கணினி, எல்லாவற்றையும் எழுதிக் கூட்டி, கிடைக்கக்கூடிய உதவித்தொகையைக் கழிக்க வேண்டும்.

மூன்றாவது, இரண்டு ஆண்டு கழித்து எந்த வேலைக்கு, எந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறீர்கள்? நான்காவது, முதல் பருவத்தைத் தாண்டும் தயாரிப்பும் ஆங்கிலப் பழக்கமும் இருக்கின்றனவா? ஐந்தாவது, நடுவில் மனம் மாறினால் கையில் ஒரு பட்டத்தோடு வெளியே வர வழி உண்டா?

தோழிகள் கூட இருப்பதை இந்த ஐந்தில் சேர்க்கவில்லை. அதற்குத் தனி இடம் உண்டு, பின்னால் வருகிறேன்.

ஐஐடியில் எம்.எஸ்சி.

இதற்கு வழி ஜாம் (JAM) என்ற பொது நுழைவுத் தேர்வு. பிப்ரவரியில் நடக்கும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் மட்டும்.

பாடத்தின் ஆழத்தில் இதற்குக் குறை சொல்ல முடியாது. ஆய்வகக் கருவிகள், நூலகம், வந்து பேசிப் போகும் ஆய்வாளர்கள் என்று எல்லாமே ஒரு படி மேலே இருக்கும். பிஎச்.டி. போக நினைப்பவருக்கு, இரண்டாம் ஆண்டு ஆய்வுத் திட்டத்தை நல்ல ஒருவரின் கீழ் செய்யும் வாய்ப்பே பெரிய சொத்து. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிறவர் அவர்தான்.

மறைந்திருக்கும் செலவுகளைச் சொல்கிறேன். ஐஐடியில் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை வரும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். அது பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வு எழுதி எம்.டெக். சேர்கிறவர்களுக்கு. எம்.எஸ்சி. மாணவர்களுக்கு அப்படிப் பொதுவாகக் கிடையாது. வருமானத்தையும் மதிப்பெண்ணையும் பார்த்துத் தரும் உதவிகளுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வளாக வேலைவாய்ப்பு பற்றிச் செய்தித்தாளில் வரும் பெரிய சம்பளங்களும் பெரும்பாலும் பி.டெக். மாணவர்களுடையவை. அதை நம்பி இயற்பியல் எம்.எஸ்சி. சேரக்கூடாது.

அதே சமயம், நம் மாநில அரசின் ஒரு திட்டம் பலருக்குத் தெரியாமலே போகிறது. ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பணத்தை நினைத்து ஐஐடி இடத்தை விட்டுவிடுமுன் இதை விசாரித்தே ஆக வேண்டும்.

இன்னொரு செலவைப் பணத்தில் கணக்கிட முடியாது. முதல் பருவத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் டெல்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வந்தவர் இருப்பார். மரபு இயக்கவியலையும் குவாண்டம் இயக்கவியலையும் பி.எஸ்சி.யிலேயே கணக்குப் போட்டுப் பழகியிருப்பார். நம் கல்லூரிகளில் தேர்வுக்கு வழிகாட்டிப் புத்தகத்தைப் படித்துத் தொண்ணூறு வாங்கியவர்கள், பருவத்தின் நடுவில் வரும் முதல் தேர்வில் முப்பது வாங்கி, விடுதி அறையில் உட்கார்ந்து என்னை போனில் அழைத்து அழுதிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் பருவத்தில் எழுந்துவிட்டார்கள். சேருவதற்கு முந்தைய ஜூன், ஜூலையை வீணாக்காமல், கணித முறைகளைப் பயிற்சிக் கணக்குகளோடு திருப்பிப் பார்த்தவர்களுக்கு அடி குறைவாகவே விழுந்தது.

யாருக்கு ஏற்றது: ஆய்வா வேலையா என்று இன்னும் முடிவு செய்யாமல், பாடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும் என்ற பசி மட்டும் இருப்பவர்களுக்கு.

ஒருங்கிணைந்த பிஎச்.டி.

1909-ல் தொடங்கிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள்) போன்ற இடங்களில் பி.எஸ்சி. முடித்த கையோடு பிஎச்.டி. வரை ஒரே சேர்க்கையில் போகலாம். நிறுவனத்தைப் பொறுத்து ஜாம் அல்லது ஜெஸ்ட் (ஆய்வு நிறுவனங்களின் பொது நுழைவுத் தேர்வு) மதிப்பெண், அதன் பிறகு நேர்முகத் தேர்வு. இடங்கள் மிகக் குறைவு. தரமணி நிறுவனத்தின் வாசலை பஸ்ஸில் தினமும் கடக்கிற சென்னை மாணவர்களுக்கே உள்ளே இப்படி ஒரு படிப்பு இருப்பது தெரிவதில்லை, சொல்லும்போது ஆச்சரியப்படுகிறார்கள்.

பணத்தில் இதற்கு நிகரில்லை. உதவித்தொகை தொடக்கத்திலிருந்தே வரும். ஆய்வுக் கட்டத்துக்கு வந்ததும் கூடும். நாட்டில் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். எம்.எஸ்சி. முடித்துவிட்டு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, இடம் தேடி, நேர்முகத்துக்கு அலைந்து செலவாகும் ஓர் ஆண்டும் மிச்சமாகும்.

ஆனால் இருபத்தொரு வயதில் ஆறு, ஏழு ஆண்டுகளுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள். என் மாணவிகளுக்கு இதன் பொருள் இன்னும் கனமானது. இருபத்திரண்டில் வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும். "இன்னும் எத்தனை வருஷம்?" என்ற கேள்வி ஒவ்வொரு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வரும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்கள் மேல் மட்டும் விழக்கூடாது. சேருவதற்கு முன்பே அப்பா அம்மாவை உட்காரவைத்து, இது இத்தனை ஆண்டு, இவ்வளவு பணம் மாதம் வரும், இதற்குள் என்னை அவசரப்படுத்தக்கூடாது என்று பேசி முடித்துவிட வேண்டும். பேசிவிட்டுப் போன பெண்கள் நிம்மதியாகப் படித்தார்கள்.

இன்னொன்றையும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டு ஆண்டு பாடங்களை முடித்துவிட்டு விலக நேர்ந்தால் எம்.எஸ்சி. பட்டம் தருவார்களா, என்ன நிபந்தனை? இது இடத்துக்கு இடம் மாறும்.

யாருக்கு ஏற்றது: ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே கொஞ்சம் தொட்டுப் பார்த்தவர்களுக்கு. கோடை விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும். கருவி கெட்டுப்போய் இரண்டு வாரம் ஒன்றும் நடக்காத நாட்களையும் பார்த்துவிட்டு, அதன் பிறகும் பிடித்திருந்தால் தயங்க வேண்டாம்.

மத்தியப் பல்கலைக்கழகம்

காலாப்பட்டில் 1985 முதல் இருக்கும் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், திருவாரூர் நீலக்குடியில் 2009-ல் வந்த தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், 1974-ல் தொடங்கிய ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவை நம் மாணவர்கள் அதிகம் போகும் இடங்கள். 2022 முதல் க்யூட் பி.ஜி. என்ற பொதுத் தேர்வு வழியே சேர்க்கை.

கட்டணம் குறைவு, விடுதி உண்டு, பல மாநிலத்தாரோடு பழகலாம், மேலே சொன்ன 2 லட்சம் ரூபாய்த் திட்டமும் பொருந்தும். வகுப்பின் வேகம் ஐஐடி அளவுக்கு மூச்சு முட்டாது. குறை என்று சொன்னால், துறைக்குத் துறை தரம் வேறுபடும். பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் இயற்பியல் துறையைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஏற்றது: நல்ல ஆழமும் வேண்டும், தமிழ்வழியில் பள்ளி முடித்ததால் பழகிக்கொள்ளச் சிறிது அவகாசமும் வேண்டும் என்பவர்களுக்கு. நான் அதிகம் பரிந்துரைத்தது இதைத்தான்.

மாநிலப் பல்கலைக்கழகத் துறை, அல்லது பக்கத்து அரசுக் கல்லூரி

நண்பர்களின் பேச்சில் அதிகம் தாழ்த்தப்படுவது இதுதான், அது நியாயமில்லை. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம், 1966-ல் வந்த மதுரை காமராசர் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் என்று இவற்றின் இயற்பியல் துறைகளிலிருந்து வந்தவர்கள்தான் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பாதி வகுப்பறைகளை நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் குறிக்கோள் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆவது என்றால், தேவைப்படுவது எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும். பி.எட். இப்போது இரண்டு ஆண்டு. ஆக மொத்தம் நான்கு ஆண்டுப் பயணத்தில் முதல் இரண்டை வீட்டுக்குப் பக்கத்தில், குறைந்த செலவில் முடிப்பது புத்திசாலித்தனம். கல்லூரி ஆசிரியராக நினைத்தாலும், உதவிப் பேராசிரியருக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட் தேர்வு குறைந்தபட்சத் தகுதி என்று 2023-ல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்திருக்கிறது. நெட் கேள்வித்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கே படித்தீர்கள் என்று அது கேட்பதில்லை.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல துறைகளில் ஆசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் அதிகச் சுமையைத் தாங்குகிறார்கள். நெட் அளவுக்குக் கணக்குப் போடும் பயிற்சியை நீங்களே தேடிக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு மூன்று பேர் கொண்ட ஒரு படிப்புக் குழு இருந்தால் போதும். தோழிகள் கூட இருப்பது உண்மையிலேயே பயன்படும் இடம் இது.

யாருக்கு ஏற்றது: ஆசிரியப் பணியில் உறுதியாக இருப்பவர்களுக்கும், வீட்டில் நோயாளியோ சின்னத் தம்பி தங்கையோ இருந்து இரவில் திரும்ப வேண்டியவர்களுக்கும்.

| | ஐஐடி எம்.எஸ்சி. | ஒருங்கிணைந்த பிஎச்.டி. | மத்தியப் பல்கலை. | மாநிலப் பல்கலை. / அரசுக் கல்லூரி |
|---|---|---|---|---|
| நுழைவு | ஜாம் | ஜாம் அல்லது ஜெஸ்ட், நேர்முகம் | க்யூட் பி.ஜி. | மதிப்பெண் அல்லது பல்கலை. தேர்வு |
| காலம் | 2 ஆண்டு | 6 முதல் 7 ஆண்டு | 2 ஆண்டு | 2 ஆண்டு |
| பணம் | செலவு. உதவியைத் தேடிப் பெற வேண்டும் | மாத உதவித்தொகை வரும் | குறைந்த செலவு | மிகக் குறைந்த செலவு |
| கடினமான கட்டம் | முதல் பருவம் | நான்காம், ஐந்தாம் ஆண்டு | துறையைத் தேர்ந்தெடுப்பது | நெட் பயிற்சி |
| நடுவில் விலகினால் | பட்டம் இல்லை | கேட்டுத் தெரிந்துகொள்ளவும் | பட்டம் இல்லை | பட்டம் இல்லை |

தோழிகளின் சொல்

அந்த மாணவியின் தாளுக்குத் திரும்புகிறேன். அதில் எழுதியிருந்தவை எல்லாம் அன்பினால் சொன்னவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஐஐடி பற்றிச் சொன்னவள் ஐஐடியைப் பார்த்ததில்லை. ஒரே அறை பற்றிச் சொன்னவர்கள் அவளைப் பிரிய மனமில்லாமல் சொன்னார்கள். ஒரு நிறுவனத்தைப் பற்றித் தோழிகளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்களைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்ததோ ஏராளம். ஆகவே "எங்கே சேரட்டும்?" என்று அவர்களிடம் கேட்பதைவிட, "மூன்று ஆண்டில் என்னை எப்போது மிகவும் சந்தோஷமாகப் பார்த்தாய்?" என்று கேட்பதில் பயன் அதிகம்.

அவளை அன்று மாலையே அப்படிக் கேட்கச் சொன்னேன். மறுநாள் வந்தாள். விடுதித் தோழிகளில் ஒருத்தி யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தாள்: "சோடியம் விளக்கு வைத்து கீற்றணிப் பரிசோதனை செய்த நாள். உனக்காகக் காத்திருந்து நானும் ஐந்தரை பஸ்ஸை விட்டேன்."

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. கீற்றணி ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும். நிறமாலைமானியில் சோடியத்தின் மஞ்சள் கோடு ஒன்றாகவே தெரியும். பதிவேட்டில் அளவை எழுதிவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். இவள் மட்டும் ஒளி நுழையும் பிளவை இன்னும் குறுக்கி, தொலைநோக்கியைக் கோடுகள் இன்னும் விலகித் தெரியும் இரண்டாம் வரிசைக்குத் திருப்பி, கண்ணை எடுக்காமல் நின்றாள். 589.0, 589.6 நானோமீட்டர் என்று புத்தகத்தில் அச்சடித்திருக்கிற அந்த இரண்டு கோடுகளையும் தன் கண்ணால் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று பிடிவாதம். ஆறு மணிக்குப் பிரிந்து தெரிந்தன. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் தோழியும் குனிந்து பார்த்தாள்.

அந்த ஒரு வாக்கியம் தாளில் இருந்த மற்றக் குறிப்புகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. இவளுக்கு ஒளியியல் ஆய்வகம் வேண்டும். கருவியைத் தொட விடும் இடம் வேண்டும். இடம் கிடைத்திருந்த ஐஐடியின் இயற்பியல் துறைப் பக்கத்தைத் திறந்தோம். லேசர், ஒளியியல் பிரிவில் எத்தனை பேர் என்று எண்ணினோம். அங்கே படிக்கும் ஒரு தமிழ் மாணவருக்கு அவளே மின்னஞ்சல் அனுப்பி, எம்.எஸ்சி. மாணவர்களை ஆய்வகத்தில் எந்தப் பருவத்திலிருந்து அனுமதிக்கிறார்கள் என்று கேட்டாள். இரண்டாம் பருவ முடிவிலிருந்து என்று பதில் வந்தது. ஒருங்கிணைந்த பிஎச்.டி. நேர்முகத்துக்கு அழைப்பு இருந்தும், ஏழு ஆண்டுக்கு இப்போதே ஒப்புக்கொள்ள மனம் இல்லை என்று அவளே சொன்னாள். அதை நான் மதித்தேன்.

கூட இருப்பதன் மதிப்பையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் அப்பா மருத்துவமனையில் இருந்த ஆறு வாரமும் குறிப்பெழுதித் தந்து, கட்டணம் கட்டி, என்னைத் தேர்வு அறை வாசல்வரை கூட்டிச் சென்றவர்கள் அந்த இரண்டு தோழிகள்தான். அவர்கள் இல்லாவிட்டால் பட்டம் வாங்கியிருக்க மாட்டேன். ஆகவே மற்ற அளவுகோல்களில் இரண்டு இடங்கள் சமமாக நின்றால், தோழி இருக்கும் இடத்துக்குப் போங்கள். உங்களுக்கு மனச்சோர்வு வந்துபோகும் வழக்கம் இருந்தால் அந்தச் சமநிலைக்கும் காத்திருக்க வேண்டாம். தெரிந்த முகம் ஒன்று இருக்கும் இடத்துக்கே போங்கள்.

"உன்னால் முடியும்" என்ற சொல்லுக்கும் ஒரு காலம் உண்டு. ஜாம் விண்ணப்பம் செப்டம்பரில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். கடைசி ஆண்டு மாணவர் பலர் பயத்தில் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுவது அப்போதுதான். ஊக்கம் தேவைப்படுவது அந்த வாரத்தில். மே மாதத்தில் எல்லோரும் ஊக்கப்படுத்துகிறார்கள். கையில் சேர்க்கைக் கடிதம் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. தோழியைப் படிக்கவைக்க நினைப்பவர்கள் செப்டம்பரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

கடைசி நேரச் சான்றிதழ்கள்

மாநிலப் பல்கலைக்கழகச் சேர்க்கையும் ஜாம் சேர்க்கைப் பட்டியல்களும் பல ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பயத்தில் முதலில் கிடைத்த இடத்தில் அசல் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, நல்ல இடம் வந்தபோது அதைத் திரும்ப வாங்க அலைந்தவர்கள் உண்டு. அசல் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்பின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

இன்னொன்று, மத்திய நிறுவனங்களில் நம் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவினர்) அல்லாத ஓபிசி என்று தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று மேசை தாண்டி வரும். ஒரு மேசையில் நின்றுவிட்டால் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

என் மாணவியின் விண்ணப்பம் இரண்டாவது மேசையில் நின்றுவிட்டது. ஐஐடி இடத்தை உறுதி செய்ய நான்கு நாள் இருந்தது. அவள் அம்மாவுக்குத் தையல் கடையை அடைத்துவிட்டு வர முடியவில்லை. ஐந்தரை பஸ்ஸை விட்ட அதே தோழி, எங்களோடு வந்துவிடு என்று கேட்டவர்களில் ஒருத்தி, தன் ஊரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்து அவளோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனாள். மாலை நான்கு மணிக்கு இருவரும் சான்றிதழோடு கல்லூரிக்கு வந்தார்கள். ஆசிரியர் அறையின் கணினியில் தோழிதான் அதைப் பதிவேற்றினாள்.